எழுத்தாணியின் மறுமுனை

சென்ற பருவத் தேர்வில் நான் அறைக் கண்காணிப்புப் பணியில் இருந்தபோது பறக்கும் படையினர் வந்தார்கள். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தியின் மேசைமேல் கிடந்த பேனா அவர்களில் ஒருவரின் கண்ணை உறுத்திவிட்டது. கறுப்பு உலோகம்; கட்டைவிரல் பருமன்; உடலெங்கும் சொரசொரப்பான வரிகள்; பின்முனையில் கூம்பிய எஃகு மொட்டு ஒன்று. உள்ளே 'பிட்' சுருட்டி வைத்திருப்பாள் என்று நினைத்தார் போலும், திருகிக் கழற்றினார். ரீஃபில் மட்டுமே இருந்தது. "என்னம்மா இது, பேனாவா கடப்பாரையா?" என்றார். "தற்காப்புப் பேனா சார். கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன் என்று அண்ணன் வாங்கிக் கொடுத்தது" என்றாள். அவர் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். தேர்வு முடிந்ததும் திருப்பித் தரச் சொல்லிவிட்டுப் போனார். மீதி இரண்டு மணி நேரமும் அது என் சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருந்தது. அவள் என் பேனாவால் எழுதினாள்.

அந்த இரண்டு மணி நேரமும் எனக்கு ரோமாபுரிச் சக்கரவர்த்தி கிளாடியஸின் நினைவுதான். கி.பி. 41-இல் தன் அண்ணன் மகன் கலிகுலா மெய்க்காவலர்களாலேயே வெட்டிக் கொல்லப்பட்டபின் அரியணை ஏறியவர் அவர். அச்சம் அவரை விட்டு நீங்கவே இல்லை. நோயாளியைப் பார்க்கப் போனாலும் முதலில் அறையைச் சோதித்து, மெத்தையையும் தலையணையையும் தடவிப் பார்த்த பிறகே உள்ளே நுழைவார் என்கிறார் சூட்டோனியஸ். தன்னைக் காண வருகிறவர் எவரானாலும் உடலைச் சோதிக்க ஆள் வைத்திருந்தார். பெண்களையும் சிறுவர் சிறுமியரையும் தடவிப் பார்ப்பதை நெடுநாள் கழித்து, அதுவும் மனமில்லாமல்தான் நிறுத்தினாராம். அதே இடத்தில் சூட்டோனியஸ் போகிறபோக்கில் மற்றொன்றையும் சொல்கிறார்: வருகிறவர்களின் உதவியாளர்களிடமிருந்தும் எழுத்தர்களிடமிருந்தும் எழுதுகோல் உறைகளைப் பிடுங்கி வைக்கும் வழக்கத்தையும் அப்போதுதான் கைவிட்டார். பேனாப் பெட்டியைச் சோதித்து அனுப்பும் நம் தேர்வுக்கூட வாசலுக்கு இவ்வளவு நீண்ட பரம்பரை இருப்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. கிளாடியஸ் தேடியது பிட்டை அல்ல என்பது மட்டும்தான் வேறுபாடு.

* * *

ரோமானியர்களின் அன்றாட எழுத்து பெரும்பாலும் மெழுகில் நடந்தது. மரப்பலகையைச் சற்றே குடைந்து, அந்தக் குழிவில் மெழுகை உருக்கிப் பரப்பி, அதன்மீது 'ஸ்டிலுஸ்' என்ற எழுத்தாணியால் கீறுவார்கள். கிரேக்கச் சொல்லை ஒட்டி 'கிராஃபியம்' என்றும் அதற்குப் பெயர். இரும்பிலும் வெண்கலத்திலும் எலும்பிலும் செய்தார்கள். நீளம் ஏறத்தாழ நம் பேனா அளவுதான். ஒரு முனை கூர். மறுமுனை சிறு கரண்டிபோலத் தட்டை. பிழை நேர்ந்தால் எழுத்தாணியைத் திருப்பித் தட்டை முனையால் மெழுகை வழித்துச் சமப்படுத்திவிட்டு மேலே எழுதலாம். 'எழுத்தாணியைத் திருப்புதல்' என்றாலே லத்தீனில் எழுதியதை அழித்துத் திருத்துதல் என்று பொருள். லண்டனில் 2010-க்குப் பின் ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் கட்டடத்துக்காக அகழ்ந்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட எழுத்தாணிகள் கிடைத்தன. அவற்றுள் ஏறக்குறைய கி.பி. 70-ஐச் சேர்ந்த ஒன்றில் பொடி எழுத்தில் ஒரு செய்தி பொறிக்கப்பட்டிருந்தது. நகரத்திலிருந்து உனக்குக் கொண்டுவந்த கூரிய பரிசு இது, என்னை நினைவில் வை என்பது அதன் சாரம். ஊரிலிருந்து திரும்புகிறவன் கீ-செயின் வாங்கி வருவதைப் போலத்தான். ஆனால் 'கூரிய' என்று சொல்லும்போது கொடுத்தவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான் போலத் தோன்றுகிறது.

நம்முடைய எழுத்தாணிக்கு அந்தத் தட்டை முனை கிடையாது. பனையோலை மெழுகைப் போல மன்னிக்காது, கீறியது கீறியதுதான். ஆகவே நம் கொல்லர்கள் மறுமுனையில் கத்தியை வைத்தார்கள். ஓலையை வாரி நறுக்குவதற்கான கத்தி ஒருபுறமும் எழுதும் கூர் மறுபுறமுமாக அமைந்தது வாரெழுத்தாணி. இரண்டையும் ஒரு பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம் என்றால் அது மடக்கெழுத்தாணி. தலை பருத்தது குண்டெழுத்தாணி. அருங்காட்சியகங்களில் மடக்கெழுத்தாணியைப் பார்க்கிற இன்றைய இளைஞர் எவரும் அதை முதலில் பேனாக்கத்தி என்றே சொல்வார்கள். மகாநவமியன்று நூல்களையும் எழுதுகோல்களையும் அரிவாள், சுத்தியலையும் ஒரே நாளில் சந்தனம் பூசிப் படைக்கும் நம் வழக்கத்தில் சரஸ்வதி பூஜை எது, ஆயுத பூஜை எது என்று பிரித்துப் பார்க்கச் சிறுவயதில் எனக்கு முடிந்ததில்லை. மடக்கெழுத்தாணியைக் கண்டபிறகு பிரிக்கத் தேவையில்லை என்று தோன்றிவிட்டது.

எழுத்தாணியைக் கண்டு அஞ்சியவர்களில் கிளாடியஸ் முதல்வர் அல்லர். மன்னர்களைத் துரத்திவிட்டுக் குடியரசை நிறுவிய காலத்தில், எத்ருஸ்க மன்னன் போர்சென்னா ரோமானியர்மீது விதித்த உடன்படிக்கையில், உழவுக்கன்றி வேறெதற்கும் இரும்பைப் பயன்படுத்தலாகாது என்று இருந்ததாக முதலாம் நூற்றாண்டின் மூத்த பிளினி எழுதுகிறார். எழுதுவதற்கு எலும்பு எழுத்தாணி வழக்குக்கு வந்ததை அவர் அதனோடு சேர்த்துப் பேசுகிறார். ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்துப் பேராயர் இசிதோர் தம் சொற்பிறப்பியல் நூலில், இரும்பு எழுத்தாணி வைத்திருக்கலாகாது என்று ரோமானியர் ஒரு காலத்தில் விதித்தார்கள் என்றும், மெழுகை இரும்பால் வெட்டாதே என்பது எழுத்தர்களிடையே ஒரு கட்டளையாகவே வழங்கியது என்றும் கூறுகிறார். இவையெல்லாம் நடந்து பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட செய்திகள். அவ்வளவு உறுதியாக நம்பிவிட முடியாது. ஆனால் இரும்பு எழுத்தாணி என்றால் ஆயுதம் என்ற எண்ணம் படித்தவர்களிடையே பரவலாக இருந்தது என்பதை இவை காட்டுகின்றன. அந்த எண்ணத்துக்குக் காரணமானவற்றுள் தலையாயது எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளில் நடந்தது.

* * *

கி.மு. 44, மார்ச் 15. பாம்பேயின் அரங்கை ஒட்டிய மண்டபத்தில் செனட் கூடுகிறது. சீசர் தன் ஸ்பானிய மெய்க்காவலர்களை முன்பே அனுப்பிவிட்டிருந்தார். வழியில் ஒருவர் சதியை விவரிக்கும் ஓலை ஒன்றை அவர் கையில் கொடுக்கிறார். (ஓலை என்று எழுதுவது என் கைப்பழக்கம், அது பாப்பிரஸ் சுருள்.) பிறகு படித்துக்கொள்ளலாம் என்று இடக்கையில் இருந்த மற்ற மனுக்களோடு அதையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார் சீசர். இருக்கையில் அமர்ந்ததும் மரியாதை செய்வதுபோல் சுற்றிச் சூழ்கிறார்கள். தில்லியுஸ் கிம்பர் ஏதோ கேட்க வருகிறவனைப் போல நெருங்கி, சீசர் கையசைத்து விலக்கவும், இரு தோள்களிலும் மேலாடையைப் பற்றி இழுக்கிறான். இது வன்முறையல்லவா என்று சீசர் கூவிக்கொண்டிருக்கும்போதே காஸ்கா தொண்டைக்குச் சற்றுக் கீழே குத்துகிறான். சீசர் காஸ்காவின் கையைப் பற்றித் தன் எழுத்தாணியால் ஊடுருவக் குத்துகிறார். துள்ளி எழ முயல்கையில் அடுத்த குத்து. அதன்பின் எல்லாப் பக்கமும் கத்திகள் என்று கண்டதும் ஆடையால் தலையை மூடிக்கொள்கிறார். மொத்தம் இருபத்து மூன்று காயங்கள். அவற்றில் மார்பில் பட்ட இரண்டாவது குத்து மட்டுமே உயிரைப் போக்கக்கூடியது என்று உடலைப் பார்த்த மருத்துவர் அந்திஸ்தியுஸ் சொன்னாராம்.

எழுத்தாணிச் செய்தியைத் தருபவர் சூட்டோனியஸ். புளூடார்க் சொல்லும் வரலாற்றில் எழுத்தாணி இல்லை. அங்கே சீசர் திரும்பிக் காஸ்காவின் கத்தியைப் பற்றிக்கொள்கிறார். ஆகவே இதை நடந்ததென்றே அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சூட்டோனியஸின் காட்சியை ஒரு கணம் நிறுத்திப் பார்க்கலாம். உலகம் அதுவரை கண்ட படைத்தலைவர்களுள் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். சதிகாரர்கள் அறுபது பேருக்குமேல். அவர் கையில் இருந்ததெல்லாம் எழுதும் கருவியும் படிக்காத காகிதமும். எழுத்தாணி தன் வேலையைச் செய்தது. ஒரு கையைத் துளைத்தது. இருக்கையில் அமர்ந்தபடி, ஆடையைப் பிறர் பற்றியிருக்க, ஒருவனை ஒரு கணம் தடுக்க முடிந்தது. அடுத்தவனைத் தடுக்க முடியவில்லை. தற்காப்புப் பேனா விற்பவர்களின் விளம்பரங்களில் சீசர் பெயரைக் காண நேர்ந்தால் எனக்கு வியப்பு வராது. ஆனால் அந்தக் கதை அவர்களுக்குச் சாதகமானது அல்ல. அவரைக் காப்பாற்றியிருக்கக் கூடியது அவருடைய இடக்கையில் இருந்தது.

கொலையாளிகளின் கத்திகள் எப்படி உள்ளே வந்தன? ஆவணப் பெட்டிகளில் ஆவணங்களுக்குப் பதிலாக வைத்துக் கொண்டுவந்தார்கள் என்கிறார் காஸியுஸ் தியோ. இதைப் படிக்கும் எந்தத் தமிழாசிரியனுக்கும் முத்தநாதன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய மெய்ப்பொருள் நாயனார் புராணத்தில், போரில் பலமுறை தோற்ற முத்தநாதன் திருநீறு பூசிச் சடை முடித்துத் திருக்கோவலூர் அரண்மனைக்கு வருகிறான். கையில் புத்தகக் கட்டு. அதற்குள் ஆயுதம். வாயில் காப்போர் எவரும் தடுக்கவில்லை. உள்வாயிலில் தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், நேரமறிந்து போக வேண்டும் என்கிறான். எங்கும் இல்லாத ஆகம நூல் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லி அரசியையும் விலக்கச் செய்து, தனியே தரையில் அமர்ந்து கேட்கும் அரசன் முன்னால் கட்டை அவிழ்க்கிறான். கத்தி பாய்ந்ததும் ஓடிவரும் தத்தனை அரசனே தடுத்து, இவன் நம்மைச் சேர்ந்தவன் என்கிறான். ஊரார் கையில் அகப்படாமல் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவா என்று பணிக்கிறான். இந்தக் கதையில் அடியார் வேடத்தின் பெருமையைப் பேசுவதே மரபு. வகுப்பில் பாடம் நடத்துகையில் நானும் அதையே பேசுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் என் மனம் தத்தனிடமே நிற்கும். புத்தகக் கட்டை அவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் அந்த அரண்மனையில் இல்லை. புத்தகத்தை யாரும் ஐயப்படாத நாடு என்பது ஒரு நாட்டுக்குப் பெருமைதானே? அந்தப் பெருமைக்குள்தான் முத்தநாதன் கத்தியை வைத்தான்.

* * *

எழுத்தாணியைத் தனி மனிதர் அல்லாமல் ஒரு கூட்டமே ஓங்கிய நிகழ்ச்சி ஒன்றைச் செனெகா பதிவு செய்திருக்கிறார். கருணை குறித்து அவர் நீரோவுக்காக எழுதிய நூலில் அது வருகிறது. அப்போது நீரோவுக்குப் பதினெட்டு வயதுதான். ஆசானை அதே நீரோ தற்கொலை செய்துகொள்ளச் சொன்னது கி.பி. 65-இல். திரிக்கோ என்ற குதிரைவீரர் குலத்தவர் (சில சுவடிகளின்படி எரிக்ஸோ) தம் மகனைச் சாட்டையால் அடித்தே கொன்றுவிட்டார். ரோமானியச் சட்டம் தந்தைக்கு மகன்மீது உயிரைப் பறிக்கும் அதிகாரம் வரை தந்திருந்தது. ஆக, சட்டப்படி அவரைக் கேட்பார் இல்லை. ஆனால் நகரின் நடுவில் இருந்த ஃபோரம் என்ற பொதுவெளியில் மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு எழுத்தாணிகளால் குத்தினார்கள். தந்தையரும் குத்தினார்கள், மகன்களும் குத்தினார்கள் என்று இரண்டு தரப்பையும் செனெகா தனித்தனியே குறிப்பிடுகிறார். அகஸ்டஸே தலையிட்டு, அதுவும் அரும்பாடுபட்டுத்தான் அவரை மீட்க முடிந்தது.

அந்த வெளியில் இத்தனை எழுத்தாணிகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் ஊரே கண்முன் வருகிறது. வழக்காடுவோர், கடன் கொடுப்போர், கணக்கெழுதுவோர், பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகள். எவரும் சண்டைக்கு வந்தவரல்லர். இடுப்பில் இருந்ததை உருவினார்கள். சட்டம் எழுதப்பட்ட அதே கருவியால் சட்டத்தின் ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் நூறு கூர்முனைகளுக்கு நடுவே சிக்கியவன் கொடியவனே ஆனாலும், அதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அடுத்த தலைமுறையில் கலிகுலா அதே உத்தியைக் கைக்கொண்டான். தனக்குப் பிடிக்காத செனட் உறுப்பினர் ஒருவர் மன்றத்தில் நுழைந்ததும் சிலரைத் தூண்டிவிட்டு, பொது எதிரி என்று கூவச் செய்து, எழுத்தாணிகளால் குத்தச் செய்து, பிறகு கிழித்தெறியக் கூட்டத்திடம் ஒப்படைக்கச் செய்தான் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். மேற்கொண்டு அவர் எழுதுவதை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால் காஸியனைத் தாண்டிப் போக என்னால் இயலாது. இன்றைய இமோலா, அன்று ஃபோரும் கார்னேலி என்ற ஊர். நான்காம் நூற்றாண்டு முடிந்து ஐந்தாம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில், ரோமுக்குப் போகும் வழியில் அங்கே தங்கிய கவிஞர் புருதென்தியுஸ் கல்லறைமேல் ஓர் ஓவியத்தைக் காண்கிறார். உடலெங்கும் துளைகளோடு ஒரு மனிதர், சுற்றிலும் சிறுவர்கள், கைகளில் எழுத்தாணிகள். அந்தக் கோயிலைக் காப்பவர் கதை சொல்கிறார். காஸியன் சுருக்கெழுத்துக் கற்பித்த ஆசிரியர். கண்டிப்பானவர். கிறித்தவராதலால் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தார். அவருக்கு என்ன தண்டனை தருவது என்று யோசித்த நீதிபதி, அவரை அவருடைய மாணவர்களிடமே கொடுத்துவிட்டான். பையன்கள் எழுதுபலகைகளை அவர் முகத்தில் உடைத்தார்கள், எழுத்தாணிகளால் குத்தினார்கள். சின்னக் கைகளாதலால் ஆழமாக இறங்கவில்லை. ஆகவே சாவு மெல்ல மெல்ல வந்தது. இரும்பைக் கையில் கொடுத்தவரே நீங்கள்தானே, நின்றுகொண்டு அழுதழுது நாங்கள் எழுதிய ஆயிரக்கணக்கான குறிகளை இப்போது உங்களுக்கே திருப்பித் தருகிறோம் என்ற பொருளில் ஒரு பையன் எள்ளுவதாகப் பாடல் போகிறது. கத்தோலிக்கத் திருச்சபை இவரைச் சுருக்கெழுத்தாளர்களின் பாதுகாவலராகப் போற்றுகிறது; திருநாள் ஆகஸ்டு 13.

நம்மிடமும் எழுத்தாணியால் குத்துப்பட்ட புலவர் ஒருவர் உண்டு. பிழையான பாடலைக் கேட்கும்போதெல்லாம் தன் தலையிலேயே எழுத்தாணியால் குத்திக்கொண்டு, புண் சீழ்பிடித்துப்போன 'சீழ்த்தலை'ச் சாத்தனார். திருக்குறள் அரங்கேறியபோதுதான் அவர் தலைவலி தீர்ந்ததாம். திருவள்ளுவ மாலையில் மருத்துவன் தாமோதரனார் பெயரில் உள்ள பாடல் 'தலைக்குத்து' என்ற சொல்லின் இருபொருளில் விளையாடுவதைப் பார்த்தால், கதை அந்தச் சிலேடையிலிருந்தே கிளைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்பதே ஆராய்ச்சியாளர் பலர் ஏற்கும் முடிவு. கட்டுக்கதைதான். இருந்தாலும் கதையைக் கட்டியவர் எழுத்தாணியை எந்தப் பக்கம் திருப்பினார் பாருங்கள். அங்கே மாணவர்கள் ஆசிரியரைக் குத்துகிறார்கள்; இங்கே ஆசிரியர் தம்மையே குத்திக்கொள்கிறார். விடைத்தாள் திருத்தும் பருவத்தில் எங்கள் துறையில் இந்தக் கதையை யாரும் கட்டுக்கதை என்று சொல்வதில்லை.

* * *

எழுத்தாணியைத் தற்காப்புக் கருவி என்று வெளிப்படையாகவே சொன்னவர் கவிஞர் ஹோரஸ். அவர் வாழ்க்கையில் இரண்டு வகை இரும்பும் உண்டு. கி.மு. 42-இல் பிலிப்பி போரில் சீசரைக் கொன்ற புரூட்டஸின் படையில் அதிகாரியாக இருந்தார். தோற்றார், கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்ததாகப் பின்னாளில் தாமே பாடினார். மன்னிப்புப் பெற்று ரோமுக்குத் திரும்பி, கருவூல எழுத்தர் பணியை விலைக்கு வாங்கினார். ஏறக்குறைய கி.மு. 30-இல் வெளிவந்த அங்கதப் பாடல்களின் இரண்டாம் நூலைத் தொடங்கும்போது, சட்ட வல்லுநர் திரெபாதியுஸிடம் ஆலோசனை கேட்பதுபோல ஓர் உரையாடலை அமைக்கிறார். பிறரை இழித்துப் பாடினால் சட்டம் இருக்கிறது, பார்த்துக்கொள் என்கிறார் வழக்கறிஞர். ஹோரஸின் மறுமொழியின் சாரம் இதுதான்: என் எழுத்தாணி உயிருள்ள எவர்மீதும் தானாகப் பாயாது, உறையில் இட்ட வாள்போல என்னைக் காக்கும், எவரும் என்னைச் சீண்டாதவரை அது உறையிலேயே துருப்பிடித்து அழியட்டும். சீண்டியவனுக்கு மட்டும் ஊரெல்லாம் அவன் பெயர் பாட்டாகும். வாளையும் எழுத்தாணியையும் ஒப்பிட்டவர்கள் பலர். துருப்பிடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவர் போர்க்களத்தைப் பார்த்தவர் என்பதால் அந்த வரி எனக்கு வெறும் அலங்காரமாகத் தோன்றுவதில்லை.

ஸ்டிலுஸ் என்ற சொல் பிறகு இரண்டாகக் கிளைத்தது. எழுதும் கருவியின் பெயர் எழுதும் முறைக்கு ஆகி 'ஸ்டைல்' வந்தது. நம்மூரில் தலைமுடியைக் கோதுவதற்கும் சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பதற்கும் பெயராகிவிட்ட அதே ஸ்டைல்தான். இத்தாலியிலோ குத்துவாளுக்கு 'ஸ்டிலெத்தோ' என்று பெயர் வந்தது. சின்ன எழுத்தாணி என்பது அதன் பொருள். விளிம்பில் கூர் இல்லை, முனையில் மட்டும் கூர், முக்கோணமாகவோ சதுரமாகவோ ஒடுங்கிய தண்டு, அங்கிக்குள் மறைந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெனிஸ் பீரங்கிக்காரர்கள் வைத்திருந்த ஸ்டிலெத்தோவின் தண்டில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பீரங்கிக் குழாயின் வாய் அளவைப் பார்க்க அது அளவுகோல். மற்றவர் வைத்திருந்தால் குற்றமான ஆயுதம் அவர்கள் இடுப்பில் தொழிற்கருவியாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டு உளவுத்துறைகள் பேனாவுக்குள் துப்பாக்கியையும் நஞ்சையும் வைத்த கதைகளை விரிவாகச் சொல்லப் போவதில்லை, ஒன்று மட்டும். மாஸ்கோவில் அமெரிக்காவுக்கு உளவு சொன்ன சோவியத் வெளியுறவு அதிகாரி அலெக்சாந்தர் ஒகரோத்னிக் 1977-இல் பிடிபட்டார். வாக்குமூலம் எழுதித் தருகிறேன், என் பேனாவைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி அதைக் கடித்து இறந்தார் என்று அமெரிக்கத் தரப்புக் குறிப்புகள் கூறுகின்றன.

* * *

என் மாணவியின் பேனாவுக்கு நேர் மூதாதை இவை எதுவும் அல்ல. ஜப்பானியத் தற்காப்புக் கலையில் 'யவாரா' என்று ஒரு சிறு கட்டை உண்டு. கைப்பிடிக்குள் அடங்கி இருபுறமும் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். 1964-இல் அமெரிக்காவில் குடியேறிய கராத்தே ஆசான் தகயூகி குபோத்தா அதைச் சாவிக்கொத்தில் மாட்டும் பதினான்கு சென்டிமீட்டர்க் கோலாக்கி, 1970-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறைப் பெண்களுக்குக் கற்பித்தார். அவர் பெயராலேயே 'குபோத்தான்' என்றானது. சூத்திரம் எளிது: ஒரே விசை சிறிய பரப்பில் இறங்கினால் அழுத்தம் மிகும், முஷ்டி வலிக்காமல் எலும்பு வலிக்கும். 2001 செப்டம்பருக்குப் பிறகு பையில் ஒரு சின்னக் கத்திகூடச் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்ட உலகில், அந்தக் கோலுக்கு உள்ளே ரீஃபிலைச் செருகி டாக்டிகல் பேனா என்று சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 1852-இல் தொடங்கிய துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பெயரிலும், கெர்பர், பெஞ்ச்மேட், ஷ்ரேட் போன்ற கத்தி நிறுவனங்களின் பெயரிலும் அவை விற்பனைக்கு வந்தன. எழுத்தாணி குத்துவாளான கதை போய், கத்திக் கொல்லர்கள் எழுத்தாணி அடிக்க வந்த கதையாயிற்று.

தேர்வு முடிந்து பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண், "என் தோழியும் ஒன்று கேட்கிறாள் ஐயா, எது நல்லது?" என்றாள். தமிழாசிரியனிடம் கேட்கும் கேள்வியா என்று தோன்றினாலும், கிளாடியஸும் சீசரும் இரண்டு மணி நேரம் என்னோடு இருந்ததால் சொல்வதற்குச் சில இருந்தன. உலோகம் அலுமினியமானாலும் போதும். டைட்டானியம் உறுதியானது, எஃகைவிட இலேசானது, விலைதான் அதிகம். மூடிய கையில் இருபுறமும் விரலளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வியர்த்த கையிலும் வழுக்காத வரிகள் வேண்டும். பையின் அடியில் கிடக்காமல் மேலே நிற்க நல்ல கிளிப் வேண்டும். முனையில் டங்ஸ்டன் கார்பைடு இருந்தால் பேருந்து, கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்து வெளியேறலாம். அது பதப்படுத்திய கண்ணாடி, ஒரு புள்ளியில் கடினமான முனை பட்டால் முழுதும் குருணையாகக் கொட்டிவிடும். முன்கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரியுமே தவிர வழிவிடாது. எனக்கு இந்தப் பயன்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது.

கிரீடம்போலப் பற்கள் வைத்து, தாக்கியவனின் தோலைச் சுரண்டி மரபணுச் சான்று எடுக்கும் என்று விற்கப்படுபவற்றை வேண்டாம் என்றேன். பையில் கைவிட்டால் முதலில் உன் விரலைத்தான் கிழிக்கும். தவிர, ஆயுதம் போலத் தோன்றுவது எந்தச் சோதனை வாசலிலும் நிற்கும். விமான நிலையங்களில் பறிமுதல் செய்கிறார்கள், தேர்வுக்கூடத்தில் என்ன நடந்தது என்று நீயே பார்த்தாய். சட்டத்தையும் சொன்னேன். 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது என்பது 37-ஆம் பிரிவு. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, பாலியல் வன்முறைக்கோ, ஆட்கடத்தலுக்கோ அஞ்சும் நிலையில் அந்த எல்லை விரிகிறது என்பது அடுத்த பிரிவு. உறையிலேயே இருக்கட்டும், சீண்டினால் மட்டும் என்ற ஹோரஸின் எழுத்தாணிக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

"இதைப் பிடிக்க யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். அண்ணன் வீடியோ ஒன்று அனுப்பியிருந்தானாம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டேன். எட்டு இருபது. நிறுத்தத்திலிருந்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். நடுவில் விளக்கு இல்லை. எங்கள் கல்லூரியில் மாலை வகுப்பை முக்கால் மணி நேரம் முன்னதாக முடிக்கலாம் என்று துறைக் கூட்டத்தில் நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. பேனாவைப் பற்றி இவ்வளவு பேசியவன் அதைப் பற்றி அவளிடம் என்ன சொல்வது?

"எழுதுமா இது?" என்று மட்டும் கேட்டேன். "விட்டு விட்டு எழுதுகிறது ஐயா. பக்கம் முழுக்க எழுதினால் விரல் வலிக்கிறது" என்றாள். பார்க்கர் ரீஃபில் அளவுதான், மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அழுத்தப்பட்ட வாயுவால் மையைத் தள்ளும் ஃபிஷர் ரீஃபிலும் அதற்குப் பொருந்தும். 1968-இல் அப்போலோ 7-இல் விண்வெளிக்குப் போனது, ஈரத்தாளிலும் தலைகீழாகவும் எழுதும். அதன் விலையைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். நான் தேர்வுக்குக் கொடுத்த பத்து ரூபாய்ப் பேனாவை மறந்துபோய்த் தன் பையில் போட்டுக்கொண்டு, கறுப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடி பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.